ஓர் அலையின் 0.129 நொடிப் பயணம்

அந்த அலை பிறக்கும் இடம் இந்தோனேசியாவுக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில். 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய என்விஎஸ்-01 செயற்கைக்கோள் அங்கேதான் இருக்கிறது. இஸ்ரோவின் நேவிக் வழிகாட்டும் அமைப்பைச் சேர்ந்தது. உள்நாட்டில் செய்த ருபிடியம் அணுக்கடிகாரம் முதன்முதலாக விண்ணுக்குப் போனது இதில்தான். முந்தைய செயற்கைக்கோள்களில் இருந்த இறக்குமதிக் கடிகாரங்கள் பல பழுதாகிப்போன பிறகு வந்த மாற்றம் இது.

அந்தக் கடிகாரத்தின் நேரத்தைச் சுமந்துகொண்டு ரேடியோ அலை புறப்படுகிறது. ரேடியோ அலையும் ஒளிதான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. வெற்றிடத்தில் அதன் வேகம் நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர்.

புறப்படும்போதே ஒரு சிக்கல். அவ்வளவு உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவு என்பதால், தரைக் கடிகாரத்தைவிட அங்கே கடிகாரம் வேகமாக ஓடும். செயற்கைக்கோளின் ஓட்டம் அதைச் சற்றே மந்தப்படுத்தும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்குச் சுமார் 46 மைக்ரோ நொடி மிஞ்சும். அதைக் கணக்கில் கழிக்காவிட்டால் ஒரே நாளில் தூர அளவு 14 கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும். ஐன்ஸ்டைனின் சார்பியல் இல்லாமல் இந்தப் பயணம் தொடங்கவே முடியாது.

பாதையின் பெரும்பகுதி வெற்றிடம். கடைசிக் கட்டத்தில் அயனி மண்டலம் குறுக்கிடுகிறது. காந்த நிலநடுக்கோடு தென்தமிழகத்துக்கு அருகே செல்வதால் நம் தலைக்கு மேலே அது அடிக்கடி கொந்தளிக்கும். அங்கே அலை சற்றுத் தாமதமாகிறது. அதிர்வெண் குறைந்த அலை கூடுதலாகத் தாமதமாகிறது. அதனால்தான் செயற்கைக்கோள் ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் அனுப்புகிறது. வந்து சேர்ந்தவற்றின் வித்தியாசத்தைக் கொண்டு தாமதத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம்.

38,600 கிலோமீட்டர் கடந்து, கிழக்கு வானில் 30 டிகிரி உயரத்திலிருந்து சாய்வாக இறங்கி, அலை தமிழகத்திலுள்ள வெண்ணந்தூரை அடைகிறது. விசைத்தறித் துணியை ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியில், நேவிக் அலையை வாங்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலை வந்த 0.129 நொடிக்குள் லாரி 2 மீட்டர் நகர்ந்திருக்கும். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வெண்ணந்தூர் ஏறத்தாழ 59 மீட்டர் கிழக்கே போயிருக்கும். சூரியனைச் சுற்றும் ஓட்டத்தில் ஊரும் லாரியும் செயற்கைக்கோளும் சேர்ந்து 3.8 கிலோமீட்டர் பாய்ந்திருக்கும்.

கருவியின் கணக்கில் லாரியின் 2 மீட்டர் உண்டு, சுழற்சியின் 59 மீட்டரும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிதான 3.8 கிலோமீட்டர் மட்டும் இல்லை. சித்திரையிலும் இல்லை, ஐப்பசியிலும் இல்லை.

ஏன் என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. படகில் போகிறவனுக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கிப் போவதாகத் தெரிகிறது. விண்மீன்கள் மேற்கே போவதும் அப்படிப்பட்ட தோற்றமே என்று 499-ஆம் ஆண்டு வாக்கில் ஆரியபட்டர் எழுதினார். ஓட்டம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்ற எண்ணம் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள், பிரபஞ்சம் முழுக்க ஈதர் என்றொரு ஊடகம் அசையாமல் கிடக்கிறது, ஒளி அதில்தான் பரவுகிறது என்று நம்பினார்கள். அப்படியானால் ஈதரைப் பொறுத்துப் பூமி ஓடும் வேகத்தை அளந்துவிடலாம். அதுதான் உண்மையான, தனித்த ஓட்டம். 1887-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கல்சனும் மார்லியும் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அனுப்பி ஒப்பிட்டார்கள். எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் ஈதரையே தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டார். சீராக நகரும் எவர் அளந்தாலும் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் ஒன்றே என்றார்.

சுழற்சி மட்டும் மறைக்க முடியாதது. வெளியே எதையும் பார்க்காமலே, அறைக்குள் தொங்கும் ஊசலைக் கொண்டே பூமி சுழல்வதைக் காட்டிவிடலாம். ஆகவேதான் அந்த 59 மீட்டர் கணக்கில் ஏறுகிறது. சூரியனின் ஈர்ப்பில் தடையின்றி விழுந்துகொண்டே சுற்றும் பூமியின் ஓட்டமோ, உள்ளிருப்பவருக்குக் கிட்டத்தட்டத் தடயம் எதையும் விடுவதில்லை.

இந்த அலையைப் போல் இன்னும் குறைந்தது மூன்று அலைகள் வேறு செயற்கைக்கோள்களிலிருந்து வந்தால்தான் கருவிக்கு லாரி இருக்கும் இடம் தெரியும். நான்கு அலைகளுக்கும் அது பயன்படுத்துவது அதே ஒரு வேகம்தான். சீரான ஓட்டத்தைப் பொறுத்தவரை, எதைப் பொறுத்து என்று சொல்லாமல் ‘எது ஓடுகிறது, எது நிற்கிறது’ என்று கேட்டால் இயற்பியலில் விடை கிடையாது. ஒளியின் வேகத்துக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை.