கண்மாய் காத்தவர்களும் கண்மாய்க்கு வந்தவர்களும்

முதுகுளத்தூர் என்றதும் வெளியூர் அன்பர்களின் நினைவில் எழுவது 1957ஆம் ஆண்டின் கலவரமே. அத்தழும்பை மறைத்து இப்பகுதியின் வரலாற்றை எழுதுதல் இயலாது. அதனோடு நிறுத்திவிடுதலும் முறையன்று. இதே வட்டாரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்னும் இரு கண்மாய்கள் உள்ளன. இரண்டும் 1989இல் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பெற்றன. 2022 ஆகஸ்டில் இந்தியாவின் ராம்சர் ஈரநிலங்களின் எண்ணிக்கை 75ஐ எட்டியபோது அறிவிக்கப்பட்ட பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றன. சித்திரங்குடி 260.47 எக்டேர், காஞ்சிரங்குளம் 96.89 எக்டேர். 1971இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின் ஏட்டில் வானம் பார்த்த பூமியின் இரு ஊர்ப்பெயர்கள் ஏறியுள்ளன. குமரியிலிருந்து வடமலை செல்லும் பறவையைத் தூதாக்கிய பிசிராந்தையாரைக் கற்பிக்கும் நாம், அத்தகைய பறவைகள் இன்று எங்கே தங்குகின்றன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கண்மாய் இயற்கையான ஏரியன்று. மனிதர் கரை கட்டித் தேக்கிய நீர். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இச்சீமையில், வடகிழக்குப் பருவமழை பொழியும் சில வாரங்களில் கிடைக்கும் நீரே ஆண்டு முழுவதற்குமான முதல். அதனைப் பிடித்து வைக்கக் கரையும், அளந்து விட மடையும், மிகுந்ததை அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அனுப்பக் கலுங்கும் அமைத்தனர் நம் முன்னோர். சேதுபதி மன்னர் காலத்தில் குண்டாற்றிலிருந்து வெட்டப்பட்ட ரகுநாத காவிரியும் இவ்வேற்பாட்டின் ஒரு பகுதியே. ஆகவே இங்குள்ள சரணாலயத்தின் வரலாறு 1989இல் தொடங்கவில்லை. முதல் கூடை மண் கரையில் கொட்டப்பட்ட நாளில் தொடங்கியது.

அக்கரையைப் பேணிய முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். வரத்துக்கால்வாயைத் தூர்வாரவும் உடைப்பை அடைக்கவும் ஆயக்கட்டுக் குடும்பங்கள் ஆள் அனுப்பின. தன்னார்வத் தொண்டு என்று இன்று நாம் வழங்கும் சொல்லை அப்படியே இதன்மேல் ஏற்றிவிடலாகாது. உழைத்தோர் அனைவரும் விரும்பி வந்தவர் அல்லர். பாசனத்தின் பயன் எல்லார்க்கும் ஒப்பக் கிடைத்ததும் இல்லை. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்தைச் சட்டக் கடமையாகவே ஆக்கிற்று. எனினும், நீர் பொதுவென்பதால் அதைக் காக்கும் பாடும் பொதுவே என்ற எண்ணம் அம்முறையில் இருந்தது. எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபின் ஜமீன் கண்மாய்கள் அரசின் பொறுப்பாயின. ஊரின் பொறுப்புணர்வு மெல்லத் தளர்ந்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையே மீண்டும் ஒரு திட்டத்திற்குச் சூட்டியது.

பறவைகளைக் காப்பதிலும் ஊரே முந்தியது என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்குப் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுக் காப்புரிமைப் பட்டயம் பெற்றனர். அது 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சரணாலயமாக அரசு அதனை ஏற்றது. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்று உழவர் அறிந்திருந்தனர். அன்பும் ஆதாயமும் அங்கே கைகோத்து நின்றன. நமக்கு அண்மையிலுள்ள சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அஞ்சி ஓடாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும் இதற்கு உடன்படுகின்றனர் என்பதே நம்மை வியக்கவைக்கிறது.

முதுகுளத்தூர்ப் பகுதிக்கு உரிய சிக்கல் ஒன்றுண்டு. அதுவே சீமைக்கருவேலம். நீர்நிலைகளை அடைத்துக்கொண்ட இவ்வயல்மரத்தை அகற்ற வேண்டும் என்று 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு சென்றது. அதே மரம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கண்மாய்க்குள் நாட்டுக்கருவேலோடு நின்று நாரைகளின் கூடுகளையும் தாங்குகிறது. ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் கூடு எங்கே கட்டும்? வெட்டாது விட்டால் நீர் எங்கே நிற்கும்? நாட்டு மரங்களை முதலில் வளர்த்து, அவை கூடு தாங்கும் பருவம் எய்திய பிறகு, கூடுகட்டாத காலத்தில், பகுதி பகுதியாகச் சீமைக்கருவேலை நீக்குவதே பொறுமையான வழி.

இன்றைய தன்னார்வலர் பணியில் கணக்கெடுப்பு முதன்மையானது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் ஆர்வலர் துணையோடு நடந்துவருகிறது. பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் தனியே ஒரு கணக்கு எடுக்கின்றனர். எம் மாணவர்களையும் இதில் ஈடுபடச் சொல்லிவருகிறோம். ஆயினும் எண்ணிக்கை என்பது கண்மாய்க்கு வந்த நீரின் மதிப்பெண் பட்டியலே. மழை பொய்த்தால், அல்லது மழை பெய்தும் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடந்தால், எண்ணுவதற்குப் பறவையே இராது. மண்வெட்டி பிடிக்காத தொண்டு இங்கே அரைத்தொண்டு.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, நீர் நிற்கும் ஆண்டுகளில், மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நத்தைக்குத்தி நாரை முதலியவற்றை இங்குக் காணலாம். வரும் அன்பர்கள் மழைநிலவரத்தை முன்னரே கேட்டறிந்து வருதல் நலம். அடங்கிய நிற ஆடையும் தொலைநோக்கியும் போதும். படத்திற்காகக் கூட்டை நெருங்கினால் பெற்றோர் பறவை எழுந்து போகும், குஞ்சு வெயிலில் வாடும். திரும்பும் வழியில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயில் ஒரு கிலோ வாங்கிச் செல்லுங்கள். கண்மாயைக் காப்பவன் வாழ்ந்தால்தான் கண்மாய் வாழும். இயன்றவர்கள் மழைக்கு முன்பே, ஆடி ஆவணியில், ஊராரோடு சேர்ந்து வரத்துக்கால்வாயில் இறங்க ஒருநாள் வாருங்கள். அப்போது பார்ப்பதற்குப் பறவை ஒன்றும் இராது. ஆனால் பறவைகள் வருமா என்பது அந்த நாட்களில்தான் முடிவாகிறது.