தாயில்லாக் குஞ்சுகள் - தபாலில் வந்த கோழியின் கதை

அமெரிக்காவில் வசந்த காலம் வந்துவிட்டால் சின்ன ஊர்களின் தபால் நிலையங்களில் விடிகாலையிலேயே கீச்சு கீச்சென்று சத்தம் கேட்கும். ஓரங்களில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். உள்ளே இருப்பவை முட்டையை உடைத்து வெளியே வந்து ஓரிரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகள். தபால் ஊழியர் போன் செய்வார். வாங்கியவர் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். கொல்லைப்புறத்தில் கூடு தயாராக இருக்கும்.

இந்தக் குஞ்சுகள் எதுவும் தன் தாயைப் பார்த்ததில்லை. இனி பார்க்கப் போவதும் இல்லை.

கோழி வளர்ப்பின் வரலாறு என்றால் முட்டை எத்தனை, கறி எத்தனை கிலோ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வரலாற்றின் மிகப் பெரிய மாற்றம் வேறு. தாய்க்கோழி செய்துவந்த வேலை அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்பட்டது. அந்த வேலைக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரவு வைக்கப்படவில்லை. ஆகவே அது போனபோது யாரும் செலவும் எழுதவில்லை.

காட்டிலிருந்து கொல்லைக்கு

வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. கோழி பத்தாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு இருக்கிறது என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2022இல் வெளிவந்த ஆய்வுகள் இதைக் குறைத்துவிட்டன. சந்தேகமில்லாமல் வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில். மனிதன் கோழியைத் தேடிப் போகவில்லை, அறுவடையில் சிதறிய நெல்லையும் தினையையும் தேடிக் கோழிதான் மனிதனிடம் வந்தது என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள்.

அன்றிலிருந்து மிக நீண்ட காலம் உலகின் பெரும்பகுதியில் குஞ்சு கிடைக்க ஒரே வழி அடைக்கோழிதான். 21 நாள் அவள் முட்டைமேல் உட்கார வேண்டும். உடம்புச் சூட்டை ஏறக்குறைய 37.5 டிகிரியில் கொடுக்க வேண்டும். நாளுக்குப் பல முறை முட்டைகளைப் புரட்ட வேண்டும். பொரித்த பிறகு ஒன்றிரண்டு மாதம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும். இந்த நாட்களில் அவள் முட்டையிட மாட்டாள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். வாய்ப்புச் செலவு! பத்துக் குஞ்சு வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாத முட்டையை இழக்க வேண்டும்.

எகிப்தின் சூளைகள்

இந்தச் செலவைத் தவிர்க்க முதலில் வழி கண்டவர்களில் எகிப்தியர்கள் முக்கியமானவர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டிலே, எகிப்தில் முட்டைகளை எருவுக்குள் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் இதற்கென்றே மண் செங்கல்லால் பெரிய சூளைகள் கட்டினார்கள். நடுவே நடைபாதை, இரு பக்கமும் அறைகள். கீழே முட்டை, மேலே சாணமும் வைக்கோலும் எரியும் மெல்லிய நெருப்பு. வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமைமேல் வைத்துப் பார்ப்பார்கள். சூடு சரியா இல்லையா என்று இமை சொல்லிவிடும்.

பிரெஞ்சு அறிஞர் ரேமூர் 1749இல் இதைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நைல் டெல்டாவின் பெர்மே ஊர்க்காரர்கள் இந்தத் தொழிலைத் தந்தையிடமிருந்து மகன் என்று ரகசியமாகக் காத்துவந்தார்கள். மூன்று முட்டை கொடுத்தால் இரண்டு குஞ்சு திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்கு மேல் பொரித்தது சூளைக்காரரின் லாபம். நல்ல வியாபாரம்தான். ரேமூர் பிரான்சில் இதே முறையைப் பரப்பப் பார்த்தார். அது அங்கே வேரூன்றவில்லை.

பெட்டலூமா

தீர்வு வந்தது கலிபோர்னியாவிலிருந்து. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பெட்டலூமா என்று ஓர் ஊர். கனடாவிலிருந்து வந்து அங்கே குடியேறிய லைமன் பைஸ் 1879இல், வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் இன்குபேட்டர் ஒன்றை வேலை செய்ய வைத்தார். சீக்கிரமே அந்த ஊரில் குஞ்சு பொரித்து விற்பதையே தொழிலாகக் கொண்ட ஹேச்சரிகள் முளைத்தன. ‘உலகத்தின் முட்டைக் கூடை’ என்று ஊர் தன்னைத்தானே அழைத்துக்கொண்டது. 1920களில் கோழிகளுக்கென்றே ஒரு மருந்துக்கடைகூட அங்கே இருந்தது!

பெட்டலூமாவுக்குப் பிடித்த கோழி வெள்ளை லெகார்ன். நிறைய முட்டையிடும், கொஞ்சமாகச் சாப்பிடும், அடை உட்காரவே உட்காராது. அடை உட்காராததுதான் அதன் பெருமையே. அடைக்கு உட்காரும் கோழிகளைக் கழித்துக் கழித்து, உட்காராதவற்றிலிருந்தே அடுத்த தலைமுறையை எடுத்தார்கள். நூறு ஆண்டுக்குள், தாயாக இருக்கத் தெரியாத கோழி உருவாகிவிட்டது. நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை முட்டைக் கோழிகளும் இந்த லெகார்ன் வம்சாவளிதான்.

தபால்காரர் கொண்டு வந்த குஞ்சு

பொரிப்பதற்கு முன்பு மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஏறக்குறைய மூன்று நாள் வரை தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். இயற்கை இதைச் செய்தது ஒரு காரணத்துக்காக. எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. கடைசிக் குஞ்சு வெளிவரும் வரை தாய் எழுந்திருக்க மாட்டாள். அதுவரை முதல் குஞ்சு பசி தாங்க வேண்டும்.

தாயின் சிறகுக்கடியில் காத்திருப்பதற்காகக் கிடைத்த அந்த மூன்று நாளை, வியாபாரிகள் ரயிலில் போவதற்காக எடுத்துக்கொண்டார்கள். நியூஜெர்சியின் ஜோசப் வில்சன் 1892இலேயே குஞ்சுகளை ரயிலில் தொலைதூரம் அனுப்பிப் பார்த்தார். 1918இல் அமெரிக்கத் தபால் துறை ஒருநாள் குஞ்சுகளைத் தபாலில் ஏற்க அனுமதித்தது. சரியான நேரம் அது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் கோழி வளர்ப்பது தேசக் கடமை என்று அரசே சுவரொட்டி ஒட்டியது. வீட்டில் தலைக்கு இரண்டு கோழி என்பது கணக்கு.

இதனால் நன்மை இல்லையா? நிச்சயம் உண்டு. முட்டை விற்ற காசு பண்ணை வீட்டுப் பெண்களின் கைக்காசு. அதில்தான் மளிகையும் குழந்தைகளின் செருப்பும் வந்தன. அடைக்கோழியை நம்பாமல், வேண்டிய மாதத்தில் வேண்டிய அளவு குஞ்சு கிடைத்தது அவர்களுக்குப் பெரிய உதவி.

ஆனால் அதே பெட்டிதான் அந்தக் கைக்காசை முடித்தும் வைத்தது. 1923இல் டெலவேர் மாநிலத்தில் சிசில் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சுக்கு ஆர்டர் கொடுத்தார். தவறுதலாக 500 வந்து இறங்கின. திருப்பி அனுப்பாமல் கறிக்கு வளர்த்து விற்றார். நல்ல லாபம். 1926இல் 10,000 கோழிக்குக் கொட்டகை கட்டினார். அமெரிக்க பிராய்லர் தொழிலின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வளர்ப்பவரோடு கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவர் எப்படிப் போட்டியிட முடியும்?

பாம்பும் சிலந்தியும்

கொல்லைக் கோழி முழுதாக மறைந்துவிடவில்லை. 2000க்குப் பிறகு நகரத்து மக்களிடம் அந்த ஆசை மறுபடி துளிர்த்தது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது ஹேச்சரிகளில் குஞ்சே கிடைக்காத நிலை. 2025இல் பறவைக் காய்ச்சலால் முட்டை விலை டஜனுக்கு 6 டாலரைத் தாண்டியபோதும் அதே கதை.

தாய்க்கோழி செய்த வேலை என்ன என்பது இந்தப் புதியவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சூட்டுக்கு விளக்கு வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும். எதைக் கொத்தலாம் எதைக் கொத்தக்கூடாது என்று கற்றுக்கொடுக்க ஆளில்லை. குஞ்சு தவறான தீனியைக் கொத்துவதாகத் தாய்க்குத் தோன்றினால், அவள் சரியான தீனியைக் கொத்திக்காட்டி அதிகமாகக் கூப்பிடுகிறாள் என்று 1990களின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. கோழிகள் வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரலும், தரையில் எதிரி வந்தால் வேறு குரலும் கொடுக்கும். விளக்கடியில் வளரும் குஞ்சுக்கு எந்தக் குரலும் இல்லை.

பாம்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கிராமங்களில் ‘கோழிப் பாம்பு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். உண்மையில் அது விஷமில்லாத ரேட் ஸ்நேக். நம்மூர்ச் சாரையைப் போல எலி பிடிப்பதில் கெட்டிக்காரர். ஆறடி வரை வளரும், சுவரிலும் மரத்திலும் ஏறும். தீனி சிந்தும் இடத்துக்கு எலி வரும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வந்த இடத்தில் முட்டையும் குஞ்சும் இருந்தால் விடுமா? கோழி முட்டையிட ஆசை காட்டுவதற்குக் கூட்டில் வைக்கும் பீங்கான் முட்டையைக்கூட விழுங்கிவிட்டுச் செத்துப்போகும் பாம்புகள் உண்டு.

பகலில் தாய் சிறகை விரித்துச் சண்டைக்குப் போவாள். எல்லா முறையும் ஜெயிக்க மாட்டாள், இரவில் அவளாலும் ஒன்றும் முடியாது. ஆகவே அடிப்பது தீர்வல்ல. அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை, சிந்தாத தீனித் தொட்டி, மாலையிலேயே முட்டையை எடுத்துவிடுவது, இவைதான் தீர்வு. பாம்பைக் கொன்றால் எலி பெருகும், அந்த எலியே குஞ்சைக் கடிக்கும்.

சிலந்தியின் கதை தலைகீழ். வயிற்றில் சிவப்பு மணற்கடிகாரம் போன்ற குறியுள்ள பிளாக் விடோ சிலந்தி, முட்டைப் பெட்டியின் இருண்ட மூலையில் வலை கட்டும். கோழிக்கு அது தீனி, பார்த்தால் கொத்தித் தின்றுவிடும். ஆபத்து, பார்க்காமல் கையை விடும் மனிதனுக்குத்தான். கடித்தால் சாவது மிக அரிது, ஆனால் தசை வலி கடுமையாக இருக்கும். முட்டை எடுக்குமுன் டார்ச் அடித்துப் பார்ப்பது போதும்.

எழுதப்படாத செலவு

கணக்கை முடிப்போம். முட்டையிடும் இனத்தில் சேவலுக்கு விலை இல்லை. ஒருநாள் குஞ்சிலேயே ஆண் பெண் பிரிக்கும் வித்தையை ஜப்பானிய அறிஞர்கள் 1920களில் உலகுக்குச் சொன்னார்கள். அதன் பிறகு ஆண் குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுவது தொழிலின் வழக்கமாகிவிட்டது. 2020இல் கொல்லைக் கோழிகளிடமிருந்து சால்மோனெல்லா தொற்றியவர்கள் அமெரிக்காவில் 1,700க்கும் மேல். குஞ்சை முத்தமிடாதீர்கள் என்று சுகாதாரத் துறையே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு தபால் தாமதத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பெட்டிக்குள்ளேயே இறந்தன. 2025இல் டெலவேரில் தபால் லாரி ஒன்றில் நாள்கணக்கில் விடப்பட்ட குஞ்சுகளிலும் ஆயிரக்கணக்கானவை பிழைக்கவில்லை. மூன்று நாள் தாங்கும் என்ற கணக்கில் நாலாவது நாளுக்கு இடமில்லை.

இன்குபேட்டர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அது இல்லாமல் ஏழை வீட்டுத் தட்டில் முட்டை இன்று கிடைக்கும் விலைக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அடைக்கோழியின் வேலை எங்கும் போய்விடவில்லை. அதை இப்போது விளக்கும், கம்பி வலையும், தபால்காரரும், கூட்டுக்காரரின் டார்ச்சும் பங்கு போட்டுச் செய்கிறார்கள். ஒருவர் மறந்தாலும் நஷ்டம் குஞ்சுக்குத்தான்.

கொல்லையில் கோழி வளர்க்க நினைப்பவர்கள் குஞ்சின் விலையை மட்டும் விசாரித்தால் போதாது. தாய் செய்யாமல் விட்ட வேலையை யார் செய்யப் போகிறார்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.