ஓராங் ஊத்தானும் ஒரு மாணவனின் கேள்வியும்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களை விலங்குத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஓராங் ஊத்தானைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "ஐயா, குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இது மட்டும் ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டு, "பேருந்து வந்துவிட்டது, வரிசையில் நில்லுங்கள்" என்றேன். எனக்கு விடை தெரியவில்லை என்பதே உண்மை. அன்று தராத விடையை இன்று எழுதுகிறேன்.

இக்கேள்வியின் வரலாற்றில் நம் வட்டாரத்திற்கும் பங்குண்டு. 1854 ஏப்ரலில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கையியலாளர் சிங்கப்பூரில் வந்திறங்கினார். புக்கிட் தீமா காட்டில் வண்டுகளைச் சேகரித்தார். பின்னர் சரவாக் சென்றார். 1855 பிப்ரவரியில், சந்துபோங் மலையடிவாரத்தில் தங்கியிருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் இனமும் தனக்கு முன்பே வாழ்ந்த நெருங்கிய இனத்தை ஒட்டியே, அதே வட்டாரத்தில் தோன்றுகிறது என்பது அதன் சாரம். உயிர்களின் உறவு கிளைவிரிக்கும் மரம் போன்றது என்றார். 1858-இல் தெர்னாத்தேயிலிருந்து அவர் டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை, அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் டார்வினின் எழுத்துகளோடு இலண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது.

சரவாக்கின் சிமுஞ்சானில் வாலஸ் ஆய்வுக்காக ஓராங் ஊத்தான்களைச் சுட்டார். தாயைச் சுட்டபின் கிடைத்த குட்டியொன்றைத் தாமே வளர்த்தார். பால் கிடைக்காததால் கஞ்சித் தண்ணீரைப் புட்டியில் ஊட்டினார். சுமார் மூன்று மாதங்களில் அக்குட்டி இறந்துபோனது.

வாலஸ் உருவத்தையும் இருப்பிடத்தையும் கொண்டே உறவை ஊகித்தார். மரபணுச் சான்று பின்னரே கிடைத்தது. 2011-இல் வெளியான ஓராங் ஊத்தானின் மரபணுத் தொகுதி, நம்முடையதோடு சுமார் 97 விழுக்காடு ஒத்திருந்தது. ஆயினும் ஒற்றுமையைவிட வலுவான சான்று பிழைகளே. இரு மாணவர்களின் தாள்களில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் நாம் என்ன முடிவுக்கு வருவோம்? இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்போம் அல்லவா? பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே உருவாக்குகின்றன. நம்மாலும் மனிதக் குரங்குகளாலும் அது இயலாது. அதற்கான மரபணு இரு தரப்பிலும் பழுதடைந்து கிடக்கிறது; பழுதும் பொதுவானது. மேலும், மனிதக் குரங்குகளுக்குக் குரோமோசோம்கள் 48; நமக்கு 46. நம் இரண்டாம் குரோமோசோம், இரண்டு பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டியதால் உருவானது. ஒட்டிய தழும்பை 1991-இல் கண்டறிந்தனர்.

இனங்கள் பிரிவது எவ்வாறு? ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, தமக்குள் கலப்பதை நிறுத்தினால், மாற்றங்கள் இருபுறமும் தனித்தனியே சேரும். நெடுங்காலத்தில் அவை வேறு இனங்களாகும். சுமத்ராவில் தோபா ஏரிக்குத் தெற்கே வாழும் ஓராங் ஊத்தான்கள் 2017-இல் 'தப்பானுலி' என்னும் தனி இனமாக அறிவிக்கப்பட்டன. ஏரிக்கு வடக்கே வாழ்பவற்றிலிருந்து இவற்றின் கிளை முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரியத் தொடங்கிவிட்டது. ஒரே தீவில் இருந்தும், மரபணுவில் இவை போர்னியோ ஓராங் ஊத்தான்களுக்கே நெருக்கமானவை. கடல் தாழ்ந்திருந்த பனியுகங்களில் இவ்விரு தீவுகளும் ஒரே நிலமாக இருந்தன.

ஆகவே தம்பி, ஓராங் ஊத்தான் நம் பாட்டன் அன்று. நம் தூரத்து உறவு. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த பொது மூதாதையின் வேறொரு கிளை. ஒரே பாட்டனின் பேரர்களில் ஒருவர் மற்றவராக மாற வேண்டியதில்லை.

தப்பானுலி இனம் அறிவிக்கப்பட்டபோதே 800-க்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. உறவை அறிந்துகொள்ளும் வேளையில் உறவினரை இழந்துவிடக்கூடாது.

பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது, "தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன்" என்று சொல்வோம். அதைச் சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.