மழைக் கணக்கு

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஏறியதோடு விட்டதா? நகர மாட்டேன் என்று அடம்பிடித்து அங்கேயே நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை அளந்து பார்த்தால், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர்! விழுப்புரம் ஜில்லாக்காரர்கள் அந்த ராத்திரியை லேசில் மறக்க மாட்டார்கள்.

அந்த மழையை வைத்து உங்களுக்கு ஒரு கணக்கு. நீங்கள் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத வேண்டும். திண்டிவனம், மயிலம், விழுப்புரம் என்று ஒவ்வொரு ஊரின் மழை அளவும் வரிசையாக வரும். எத்தனை ஊர் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். எல்லாம் முடிந்ததும் 99999 என்று ஓர் எண் வரும். 'அவ்வளவுதான், நிறுத்திக்கோ' என்று அர்த்தம். உடனே சராசரி மழையைச் சொல்ல வேண்டும். 99999-ஐயும் மழை என்று நினைத்துக் கூட்டிவிடக் கூடாது.

ப்பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? காகிதம் கொடுத்தால் பள்ளிக்கூடத்துப் பையன் போட்டுவிடுவான். ஆனால், இந்தக் கணக்குதான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தையே திகைக்க வைத்தது.

எலியட் சோலோவே என்ற பேராசிரியர் 1980களின் தொடக்கத்தில் அங்கே தன் சகாக்களோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இதே மாதிரி சராசரிக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாகப் படிக்கிறவர்களில் சரியாக எழுதியவர்கள் வெறும் 14 சதவிகிதம்! 'மழைக் கணக்கு' என்றே பின்னால் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

நம் ஊர் வாத்தியாராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'பசங்க மக்கு சார். படிக்கிறதே இல்லை.' முடிந்தது ஆராய்ச்சி.

சோலோவே குழு அப்படி விடவில்லை. மனுஷ மூளை இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று யோசித்தார்கள். ஓர் எண்ணைப் படி, முடிவு எண்ணா என்று பார், இல்லையென்றால் கூட்டு, மறுபடி படி. இதுதானே இயல்பு? ஆனால் பாஸ்கலில் 'வைல்' என்ற கட்டளை இப்படி விடாது. சுற்றுக்குள் நுழைவதற்கு முன்பே முதல் எண்ணைப் படித்துவிட வேண்டும். சுற்றின் கடைசியில் அடுத்ததைப் படிக்க வேண்டும். தலைகீழ் வேலை.

பார்த்தார்கள். சுற்றின் நடுவிலேயே வெளியேறும்படி பாஸ்கலில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே கணக்கைக் கொடுத்தார்கள். 14 சதவிகிதம் 24 ஆனது. நன்கு தேறிய மாணவர்களிடம் 69 சதவிகிதம் 96 ஆனது. 1983ல் முடிவுகள் அச்சேறின. கோளாறில் ஒரு பங்கு மாணவனிடம் இல்லை, கருவியில் இருந்தது!

இன்னொரு வேடிக்கையையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். 'வைல்' என்பது ஆங்கிலத்தில் சாதாரணப் பேச்சு வார்த்தை. 'மழை பெய்கிறவரை குடை பிடி' என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மழை விட்ட அந்த நிமிஷமே மடக்குவீர்கள். கம்ப்யூட்டர் மடக்காது. ஒரு சுற்று முடிந்து மறுபடி ஆரம்பத்துக்கு வந்தால்தான் மழை நின்றதா என்று எட்டிப் பார்க்கும். ஆங்கிலம் பேசும் மாணவர்களில் பலர், கம்ப்யூட்டரும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டே இருக்கும் என்று நம்பித் தப்பு செய்தார்கள். தாய்மொழியே காலை வாரிவிட்டது!

2001ல் இன்னொரு அடி. மைக் மெக்ராக்கன் தலைமையில் ஒரு குழு, நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்களுக்கு ஒரே மாதிரிப் பரீட்சை வைத்தது. 110க்கு சராசரி மதிப்பெண் 22.89. முதல் பாடத்தில் பாஸாகி வந்தவர்களுக்கு புரோகிராம் எழுத வரவில்லை என்பது உலகத்துக்கே தெரிந்துபோனது.

அதன் பிறகுதான் 'இதை எப்படி முறையாக ஆராய்வது?' என்ற கேள்வி சூடுபிடித்தது. கம்ப்யூட்டர் வாத்தியார்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். மனுஷனை ஆராயத் தெரியாது. சாலி ஃபின்ச்சர், மேரியன் பீட்டர், ஜோஷ் டெனன்பர்க் மூவரும் 2002ல் வாத்தியார்களையே மாணவர்களாக உட்கார வைத்தார்கள். கேள்வியை எப்படி அமைப்பது, யாரோடு யாரை ஒப்பிடுவது, மாணவன் மனசில் இருப்பதை எப்படி வெளியே கொண்டுவருவது என்று பாடம். புரோகிராமிங் வார்த்தைகள் எழுதிய சீட்டுகளை மாணவனிடம் கொடுத்து, 'உனக்குத் தோன்றியபடி பிரித்து அடுக்கு' என்பது ஓர் உத்தி. எதை எதோடு சேர்க்கிறான் என்பதிலேயே அவன் புரிதல் தெரிந்துவிடும். வாத்தியார்கள் தங்கள் ஊருக்குத் திரும்பி, ஒரே ஆய்வை அவரவர் கல்லூரியில் செய்தார்கள். 2005ல் இந்தத் துறைக்கென்றே சியாட்டிலில் தனி மாநாடு தொடங்கியது.

சரி, நம்ம கதை?

இந்தியாவில் கம்ப்யூட்டர் படிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானவர் ஈரோட்டில் பிறந்த வி.ராஜாராமன். 1963ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 1620 வந்து இறங்கிய காலத்தில் அங்கே சேர்ந்து, 1965ல் எம்.டெக்.கில் கம்ப்யூட்டர் சயின்ஸைப் புகுத்தினார். எளிய பாடப் புத்தகங்களை மலிவு விலையில் எழுதித் தந்தவர். 2025 நவம்பரில் மறைந்தார். என்ன சொல்லித்தருவது என்பது அந்தத் தலைமுறையின் கவலை. அதுவே மலையளவு வேலை.

'ஏன் புரியவில்லை?' என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் 2010ல் கல்வித் தொழில்நுட்பத்துக்கென முனைவர் பட்டப் படிப்பு தொடங்கியது. இந்தி மீடியத்தில் படித்துவிட்டு வரும் மாணவனுக்கு புரோகிராமிங்கை எந்த மொழியில் சொன்னால் ஏறும் என்று அங்கே ஆராய்ந்தார்கள். 2015ல் கட்டுரைகள் வெளிவந்தன.

இந்தி மாணவனை விசாரித்தாயிற்று. தமிழ் மாணவன்?

2008ல் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2010ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைக் கொண்டுவந்தபோது சிவிலும் மெக்கானிக்கலும்தான் அதில் இருந்தன. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. 2021ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு பொறியியலுக்கும் சட்டமானது. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளைகள் நேராகக் கம்ப்யூட்டர் வகுப்பில் வந்து உட்கார்கிறார்கள். 'அரியர்' என்று எண்ணிச் சொல்ல ஆள் இருக்கிறது. எந்த வரியில் தடுக்கியது என்று பார்க்க?

யேல் மாணவனுக்கு 'வைல்' வீட்டு வார்த்தை. அதனால் வழுக்கினான். மயிலத்துப் பையனுக்கு அது வெறும் சத்தம். பழைய அர்த்தம் எதுவும் ஒட்டியிருக்காது. ஒருவேளை அவன் இந்த இடத்தில் வழுக்காமலே போகலாம்! வேறெங்காவது, நாம் நினைத்தே பார்க்காத இடத்தில் விழலாம். எனக்கு இரண்டாவதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் என் ஊகத்துக்கு என்ன மதிப்பு?

இதற்குப் பெரிய லேப் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு ரெக்கார்டர், மழைக் கணக்கு எழுதிய ஒரு தாள். பையன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, 'மனசுல என்ன ஓடுதோ அதைச் சத்தமா சொல்லிக்கிட்டே எழுது தம்பி' என்று சொல்லிவிட்டு, வாத்தியார் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம்தான் கொஞ்சம் கஷ்டம்.