மூடுபனிக்காகக் காத்திருந்த ஓவியர்

1900 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் சவாய் ஹோட்டலில் தங்கியிருந்த பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே காலையில் எழுந்து வெளியே பார்த்ததும் கதிகலங்கிப்போனார். தேம்ஸ் ஆற்றின்மேல் மூடுபனி இல்லை. பேருக்குக்கூட இல்லை. பாதி வரைந்து வைத்திருந்த கான்வாஸ்கள் அத்தனையும் பாழ் என்று நினைத்தார். பிறகு மெல்ல மெல்ல நகரத்தில் கணப்புகள் எரியத் தொடங்கின. புகை எழுந்தது, மூட்டம் திரும்பி வந்தது, அவருக்கும் போன உயிர் வந்தது. அன்றே மனைவி அலீஸுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நகரத்தின் கோபுரங்களை வரைய வந்தவர், வானம் வெளுத்து அவை பளிச்சென்று தெரிந்ததும் பயந்துபோகிறார். லண்டன் நாடாளுமன்றத்தை அவர் வரைந்த புகழ்பெற்ற வரிசை எப்படிப் பிறந்தது என்று கேட்டால், என் பதில் இந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

விதை விழுந்தது முப்பது வருடங்களுக்கு முன்பு. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது மோனேவுக்கு வயது 29. அந்த ஜூனில்தான் கமீயை மணந்திருந்தார். மகன் ஜான் சின்னக் குழந்தை. போருக்குப் போக மனமில்லாமல் குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடிவந்தார். கையில் காசு இல்லை, மொழியும் தெரியாது. அதே போருக்குத் தப்பி வந்திருந்த ஓவிய நண்பர் பிசாரோவோடு அருங்காட்சியகங்களுக்குப் போய் ஆங்கில ஓவியர்கள் டர்னர், கான்ஸ்டபிள் ஆகியோரின் படங்களைப் பார்த்தார். பாரிஸிலிருந்து வந்து தங்கியிருந்த ஓவிய வணிகர் பால் துரான்-ருயெலின் அறிமுகமும் அங்கேதான் கிடைத்தது. பின்னாளில் மோனேவைக் கரையேற்றியவர் அவர்தான்.

அந்த நாட்களில் வரைந்த ஒரு படம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. முன்னால் கறுத்த மரத்துறை, அதில் வேலை செய்யும் ஆட்கள். பின்னால் வெளிறிய சாம்பல் நிறத்தில், தொட்டால் கலைந்துவிடும்போல நாடாளுமன்றம். கட்டடம் அங்கே பின்னணி மட்டும்தான். ஆனாலும் அவர் கண் அதற்குள் போய்த் தங்கிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்த்தால் எத்தனையோ நூற்றாண்டுப் பழமை தெரிகிறது. உண்மையில் அன்றைக்கு அது புதுசு. பழைய அரண்மனையின் பெரும்பகுதி 1834 அக்டோபர் 16 இரவு எரிந்துபோனது. கருவூலத்தில் கணக்குக்கு வைத்திருந்த பழைய மரக்குச்சிகளை உலையில் போட்டு எரித்ததில் பற்றிய தீ அது. அதை வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தில் டர்னரும் நின்றார். அந்தத் தீயை வைத்து இரண்டு எண்ணெய் ஓவியங்கள் தீட்டினார். பிறகு சார்லஸ் பாரியும் பியூஜினும் இடைக்கால கோதிக் பாணியில் புதிதாக எழுப்பியதைத்தான் நாம் இன்று பார்க்கிறோம். நெருப்பிலும் புகையிலும் இதே கரையைப் பார்த்து டர்னர் வரைந்த படங்கள் மோனேவுக்கு முன்பே இருந்தன.

1899இல் மோனே லண்டனுக்குத் திரும்பி வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. கமீய் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அவர் இப்போது பேரும் பணமும் உள்ளவர். வைக்கோல் போர்களையும் ரூவான் தேவாலயத்தையும் ஒளி மாற மாற வரிசையாக வரைந்து முடித்திருந்தார். இளைய மகன் மிஷேல் ஆங்கிலம் கற்க லண்டனில் இருந்தான். அந்த ஆண்டுதான் இரண்டாம் மனைவி அலீஸின் மகள் சூசான் இறந்திருந்தாள். துக்கத்திலிருந்த அலீஸையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த இடத்தில் ஹோட்டல் ஜன்னல் அவரை விடவில்லை. இடதுபக்கம் வாட்டர்லூ பாலம், வலதுபக்கம் சாரிங் கிராஸ் ரயில் பாலம், அதற்கும் அப்பால் மங்கலாக நாடாளுமன்றம். தூரிகையை எடுத்துவிட்டார்.

மறுவருடம் பிப்ரவரியில் மீண்டும் வந்தார். சவாயின் ஆறாவது மாடியை தென்னாப்பிரிக்கப் போயர் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு ஒதுக்கியிருந்ததால் ஐந்தாவது மாடியில் அறை. இந்த முறைதான் எதிர்க்கரையிலிருந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலிருந்து வரைய அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி இல்லையென்றால் நாடாளுமன்ற வரிசையே இல்லை. மருத்துவமனை கிழக்குக் கரையில் இருக்கிறது, நாடாளுமன்றம் மேற்குக் கரையில். மாலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் இறங்கும். முகப்பு முழுக்க நிழலாகி, கட்டடம் ஒரே நிறத்தில் நிற்கும். சிற்ப வேலைப்பாடும் தெரியாது, ஜன்னல்களும் தெரியாது. காலையிலும் மதியமும் ஹோட்டலில் பாலங்கள், மாலையில் ஆற்றைக் கடந்து மருத்துவமனை என்று அவருடைய பொழுது போயிற்று.

ஆனால் சூரியன் யாருக்காகவும் நிற்பதில்லை. வசந்தம் நெருங்க நெருங்க அது மறையும் இடம் வடக்கே நகர்ந்துகொண்டே போகும். சில நாள் மூட்டம் சரியில்லாமல் ஒரு கான்வாஸை ஓரமாக வைத்துவிட்டால், மறுபடி எடுக்கும்போது சூரியன் வேறு இடத்தில் இருக்கும். மூட்டமோ நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறும். லண்டன் மூட்டத்தில் கறுப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை, ஊதா எல்லாம் உண்டு என்பார் அவர். வெளிச்சம் மாறியதும் அதற்குப் பொருந்தும் கான்வாஸைத் தேடிக் குவியலைக் கலைப்பார். அது கைக்கு வருவதற்குள் வெளிச்சம் போய்விடும். மூன்று பயணங்களிலும் தொடங்கியவை நூற்றை நெருங்கின.

பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள படத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் அந்தப் பாடு புரியும். சுமார் 81 சென்டிமீட்டர் உயரம், 92 சென்டிமீட்டர் அகலம். நீலமும் ஊதாவும் குழைந்த ஒரு நிழலாகக் கோபுரங்கள் எழுகின்றன. அவற்றுக்கு ஓரக்கோடு கிடையாது. கட்டடம் முடிந்து காற்று தொடங்கும் இடத்தை விரல் வைத்துக் காட்ட முடியாது. மூட்டத்தைப் பிளந்த வெயில் தண்ணீரில் ஆரஞ்சுத் தீற்றல்களாகச் சிதறியிருக்கிறது. கல்லைவிடக் காற்றுக்குத்தான் அதில் கனம் அதிகம்.

அந்தக் காற்றில் இருந்தது நிலக்கரிப் புகை. லட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகள், ஆற்றோர ஆலைகள், நீராவி ரயில்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலைகள் மூடியிருந்ததால்தான் அந்த மார்ச் 4 காலை வானம் வெளுத்திருக்க வேண்டும். மூடுபனி இல்லாவிட்டால் லண்டன் அழகான நகரமே அல்ல என்று அவர் பின்னால் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதே காற்றைச் சுவாசித்து நோயில் விழுந்தவர்கள் ஏராளம். நம் கண்ணைக் குளிரவைக்கும் இந்த ஊதா நிறத்துக்குள் அவர்களுடைய இருமலும் இருக்கிறது. இதை அறிந்த பிறகும் எனக்கு அந்தப் படங்கள்மேல் ஆசை குறையவில்லை. பார்க்கும்போது மனம் கனக்கிறது, அவ்வளவுதான்.

1901இல் மூன்றாவது பயணம். விக்டோரியா ராணியின் இறுதி ஊர்வலத்தைப் பார்த்தார், வேலை செய்தார், நுரையீரல் உறையில் அழற்சி வந்து படுத்தார். எதையும் முடிக்காமல் பிரான்சில் தன் வீடிருந்த ஜிவர்னிக்குத் திரும்பினார். அதன்பிறகு மூன்று வருடம் அங்கே ஓவியக்கூடத்தில் வைத்துத் திருத்திக்கொண்டே இருந்தார். துரான்-ருயெல் படங்களைக் கேட்டுக் கடிதம் எழுதியபோது, ஒன்றைக்கூட இப்போது அனுப்ப முடியாது, எல்லாம் ஒருசேரக் கண்முன் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று பதில் போட்டார். படம் ஒன்றொன்றாகப் பிறக்கவில்லை. வரிசை முழுவதும் ஒரே பிரசவம்.

1904 மே மாதம் துரான்-ருயெலின் பாரிஸ் கூடத்தில் 37 படங்கள் மாட்டப்பட்டன. பெரிய வெற்றி. புகைப்படங்களைப் பார்த்துத் திருத்தினார் என்று லண்டனிலிருந்து முணுமுணுப்பு வந்தபோது, எப்படி வரைந்தேன் என்பது யாருக்கும் அவசியமில்லை, விளைவுதான் முக்கியம் என்ற தோரணையில் எழுதினார். எனக்கும் அதுவே சரியென்று தோன்றுகிறது. ஆனாலும் நேரில் கண்டதிலிருந்து அவர் அதிகம் விலகவில்லை. 2006இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாடாளுமன்றப் படங்களில் சூரியன் இருக்கும் இடத்தை வைத்து நாளையும் நேரத்தையும் கணக்கிட்டபோது, அவை அவருடைய கடிதத் தேதிகளோடு ஒத்துப்போயின. டர்னரும் மோனேவும் வரைந்த சுமார் நூறு ஓவியங்களை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, காற்று மாசு கூடக்கூட ஓரங்கள் மங்கி வெண்மை ஏறியதைக் காட்டியது.

இந்த வரிசையை லண்டனிலும் காட்ட வேண்டுமென்று மோனே ஆசைப்பட்டார். 1905இல் அதற்கு முயற்சி நடந்தது, கைகூடவில்லை. பிறகு அந்தக் காற்றின் கதையும் மாறியது. 1952 டிசம்பரில் புகை மூட்டம் லண்டனில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து கணப்புப் புகைக்குக் கடிவாளம் போட்டது. சவாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோர்டோல்ட் காட்சிக்கூடத்தில் 2024இல்தான் இந்தத் தேம்ஸ் படங்களில் 21 ஒன்றாகக் கூடின. 120 வருடம் கழித்து அவர் ஆசை நிறைவேறியபோது, படத்தில் உள்ள காற்று லண்டனில் இல்லை.