வீட்டு நம்பரும் ஒரு பூந்தொட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு மரச்சாமான் செய்து முடித்தேன். பழைய கதவு நிலையில் மிஞ்சிய தேவதாருப் பலகை. மூன்றடி உயரம், பத்து அங்குல அகலம். மேலே எங்கள் வீட்டின் நான்கு இலக்க நம்பர், ஒன்றின் கீழ் ஒன்றாக. அடியில் ஒரு பெட்டி, தண்ணீர் வடிய ஐந்து ஓட்டை, உள்ளே மண், மண்ணில் கேந்திச் செடி. பலகையை அறுத்துக் கொடுத்தது பக்கத்துத் தெரு மிஸ்திரி என்ற உண்மையையும் சொல்லிவிடுகிறேன். "மூணாவது நம்பர் கோணலா இருக்கு" என்பது தங்கமணியின் விமர்சனம் :)

ஆணி பிடுங்கவே நேரமில்லாதவனுக்கு இந்த வேலை எதற்கு? காரணம் போன ஜனவரி.

நான் இருப்பது சண்டிகரில். இங்கே வீட்டு முகவரியில் தெருப்பெயர் வராது. செக்டர், வீட்டு நம்பர், அவ்வளவுதான். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. "நம்பர் எதுக்குல? முக்குக் கடையில பேரச் சொன்னா கொண்டாந்து விட்டுட்டுப் போறான்" என்பார். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். எங்கள் நம்பர் எழுதிய பித்தளைத் தகட்டைக் காகிதப்பூக் கொடி மூடியிருந்தது. ஆம்புலன்ஸ் எங்கள் வாசலைத் தாண்டி இரண்டு முறை போய்விட்டது. டார்ச்சோடு ரோட்டுக்கு ஓடித்தான் நிறுத்தினேன். முக்குக் கடைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா பிழைத்துவிட்டார். அந்தப் பத்து நிமிடம்தான் என்னை விடவில்லை.

நிற்க. அதற்குப் பிறகு இந்த வீட்டு நம்பர் என்பது எப்போது, யாருக்காக வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தபால்காரருக்காக என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை.

முதலில் கிடைப்பது பாரீஸ். சேன் நதியின் மேல் இருந்த நோத்ருதாம் பாலம் 1499-ல் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டி, அதன் மேல் ஒரே மாதிரி 68 வீடுகளும் கட்டினார்கள். 1512 வாக்கில் அவற்றுக்கு நம்பர் போட்டார்கள். வீடுகள் நகரசபையின் சொத்து. ஆக, முதல் நம்பர் வீட்டுக்காரன் தன் சொத்தை எண்ணிப் பார்க்கப் போட்டது.

பெரிய அளவில் நடந்தது 1770-ல், ஆஸ்திரியாவில். அப்போது ஆண்டவர் மரியா தெரேசா, கூடவே மகன் இரண்டாம் ஜோசப். அவர்களுக்குப் படைக்கு ஆள் வேண்டும். ஊருக்குள் எத்தனை இளைஞர்கள், எந்த வீட்டில் என்று யாருக்கும் தெரியாது. நிலப்பிரபுக்கள் நல்ல வேலையாட்களைத் தங்களிடம் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார்கள். எனவே அதிகாரிகளும் சிப்பாய்களும் ஊர் ஊராகப் போனார்கள். ஒவ்வொரு கதவிலும் பெயிண்டால் நம்பர் எழுதி, உள்ளே இருந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 11 லட்சம் வீடுகள். வியன்னாவில் அரண்மனைக்கே 1-ம் நம்பர். யூதர் வீடுகளுக்கு மட்டும் ரோமன் எண், பார்த்தவுடன் தெரியட்டும் என்று.

ஜனங்களுக்குப் புரியாமலா இருக்கும்? நம்பரைச் சுரண்டினார்கள், அழித்தார்கள். ஐரோப்பாவின் பல ஊர்களில் சாணியும் அசிங்கமும் பூசியதாகக் குறிப்புகள் இருக்கின்றன. கதவில் நம்பர் விழுந்தால் பிள்ளை பட்டாளத்துக்குப் போவான், இல்லையென்றால் வரி ஏறும். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குள் போன ராணுவ அதிகாரிகள் தாங்கள் பார்த்ததையும் எழுதி வைத்தார்கள். அரைப்பட்டினி, நோய், பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்யும் வேலை, பள்ளிக்கூடம் இல்லாமை எல்லாம் அறிக்கையாக மேலே போனது. ஆள் பிடிக்கப் போனவர்கள் குடிசைக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1781-ல் போஹிமியாவில் பண்ணையடிமை முறையை நீக்கியவர் அதே இரண்டாம் ஜோசப்தான். இரண்டுக்கும் நேராக முடிச்சுப் போட நான் சரித்திர ஆசிரியன் இல்லை. ஆனால் கணக்கில் வராதவனுடைய கஷ்டமும் கணக்கில் வராது என்பது மட்டும் புரிகிறது.

இந்த ஆஸ்திரிய முறையில் ஒரு தொல்லை இருந்தது. நம்பர் தெருவுக்கு அல்ல, ஊருக்கு. புதிதாக எங்கே வீடு கட்டினாலும் அடுத்த நம்பர். கொஞ்ச நாளில் 12-க்குப் பக்கத்தில் 846. வியன்னாவில் 1862-ல் தெருவாரியாக மாற்றினார்கள். பிராகாவில் இன்றும் ஒரே வீட்டுக்கு இரண்டு பலகை: பழைய கணக்கெடுப்பு நம்பர் சிவப்பில், தெரு நம்பர் நீலத்தில். பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதிப் பழகிய சென்னைவாசிகள் அங்கே போனால் சொந்த ஊர் மாதிரி இருக்கும்.

ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம் என்ற ஏற்பாட்டைப் பாரீஸ் முழுவதற்கும் ஆக்கியது நெப்போலியன் காலத்து 1805 ஆணை. சேன் நதியை வைத்து நம்பர் தொடங்கும். நதிக்கு இணையாகப் போகும் தெருவுக்குச் சிவப்பு எண், குறுக்கே போவதற்குக் கறுப்பு என்று அப்போது வைத்தார்கள். நம்பரைப் பார்த்தே நதி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். ஆளை எண்ணுவதற்கு வந்த நம்பர் வழி காட்டவும் ஆரம்பித்தது இப்படித்தான்.

நம் கதைக்கு வருகிறேன். என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கதவில் எப்போதும் ஏதாவது கிறுக்கல் இருக்கும். சென்சஸ்காரர் எழுதிய எண், மலேரியா மருந்து அடித்தவர் எழுதிய தேதி. பாட்டி வெள்ளிக்கிழமை கதவைத் துடைக்கும்போதுகூட அதை மட்டும் அழிக்க மாட்டாள். பிற்பாடு போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் வந்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டால் சுவரில் 'பி' என்ற ஆங்கில எழுத்து, யாராவது விட்டுப்போயிருந்தால் பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட வீட்டுக்கு மறுபடியும் வருவார்கள். இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. அதற்கு எத்தனையோ காரணம் உண்டு. ஒரு கதவையும் விடாமல் எழுதிக்கொண்டு போன சாக்பீஸும் அதில் ஒன்று.

சண்டிகர் இன்னும் விசேஷம். 1947 பிரிவினையில் லாகூர் அந்தப் பக்கம் போனது. பஞ்சாபுக்குத் தலைநகர் வேண்டும். 1951-ல் லெ கொர்பூசியே வந்து வரைந்தார். 800 மீட்டருக்கு 1200 மீட்டர் என்று செக்டர்கள், அவற்றுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். அதிலும் 13-ஐ விட்டுவிட்டார்கள். 2020-ல்தான் மணிமாஜ்ராவுக்கு அந்த நம்பரைக் கொடுத்தார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரின் குடும்பம் லாகூரிலிருந்து வந்தது. நம்பர்தானே, இதில் என்ன பெருமை என்று ஒருமுறை கேட்டேன். "அகதி முகாமில் எங்களுக்கு அதுவும் இல்லை" என்றார்.

நம்பர் கதவில் விழுவது யாரோ நம்மைத் தேடுவதற்காக. பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவனும் அதைப் பார்த்துத்தான் வருவான், பிள்ளைக்கு மருந்து கொடுக்க வருகிறவளும் அதைப் பார்த்துத்தான் வருவாள். முதல் ஆளுக்குப் பயந்து அழித்தால் இரண்டாவது ஆளுக்கும் வழி தெரியாது. நான் பயந்து அழிக்கக்கூட இல்லை, அழகுக்காகக் கொடியை வளர விட்டேன்.

அதனால் பெட்டியில் கேந்தி மட்டும்தான். வளர்ந்தாலும் நம்பரைத் தொடாத குட்டை ரகம். நேற்று ராத்திரி காரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய், ஹெட்லைட் போட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். நான்கு எண்ணும் தெரிந்தது. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "சரி, கோணலை நேராக்கு" என்றார். தங்கமணி முந்திக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் இன்று ராத்திரி ஒரு முறை ரோட்டில் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். ஊருக்குப் புதிய ஆளாக நின்று பாருங்கள்.