கையெழுத்துக்கு முன்னாடி: ஒரு ஒப்புதல் படிவத்தின் கதை

1/ தவளக்குப்பத்துல நின்னு சுத்திப் பாருங்க. தெற்கே பிள்ளையார்குப்பத்துல ஒரு மருத்துவக் கல்லூரி. வடக்கே போனா கதிர்காமத்துல அரசுக் கல்லூரி, கோரிமேட்டுல ஜிப்மர். இங்கெல்லாம் எம்.டி., எம்.எஸ். படிக்கிற டாக்டர்கள் ஆய்வேடு எழுதியாகணும். அந்த ஆய்வுல சேரப்போறது யாரு? ஓ.பி. சீட்டு வாங்கிட்டு வரிசையில நிக்கிற நம்ம ஆளுங்கதான்.

2/ அதனால அந்த டாக்டர்கள் ஆய்வு முறை, ஆய்வு அறம் பத்தி ஒரு ஆன்லைன் பயிற்சி முடிக்கணும். நடத்துறது ஐசிஎம்ஆரின் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். "சும்மா ஃபார்மாலிட்டிப்பா"ன்னு டூட்டி ரூம்ல வீடியோவை வேகமா ஓடவிடறவங்களும் உண்டு. அந்த ஃபார்மாலிட்டி எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

3/ ஆய்வு அறம்னாலே எல்லாரும் சொல்ற உதாரணம் அமெரிக்காவின் டஸ்கீகி. 1932-ல் தொடங்கியது. சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்கள், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். "கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம் பார்க்கிறோம்" என்று சொல்லி, நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1940-களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் நின்றது.

4/ "அது அமெரிக்கா, நிறவெறி"ன்னு நாம தள்ளி நிக்கலாம். ஆனா அந்த ஆய்வு முடிஞ்சு நாலே வருஷத்துல நம்ம தில்லியில என்ன தொடங்குச்சு தெரியுமா?

5/ 1976. ஐசிஎம்ஆர் ஆய்வு. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம் இருந்த பெண்கள், 1,100-க்கும் மேல். இந்த மாற்றம் எல்லாருக்கும் புற்றாக மாறாது; பலருக்குத் தானாகவே சரியாகும். யாருக்கு மாறும், எவ்வளவு நாளில் மாறும் என்பதுதான் கேள்வி. நல்ல கேள்விதான். ஏன்னா நம்ம நாட்டுப் பெண்களை அதிகம் கொன்ற புற்றுநோய்களில் ஒன்று இது.

6/ பதில் தேடிய வழிதான் பிரச்சினை. சிகிச்சை கொடுக்காமல் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் புண்ணை உறைய வைத்தோ வெட்டியோ அகற்றும் முறைகள் அப்போதே இருந்தன. 1988 வரை ஆய்வு நடந்தது. 62 பெண்களுக்குச் சிகிச்சைக்கு முன்பே பரவாத நிலைப் புற்று வந்தது. குறைந்தது 9 பேருக்கு ஊடுருவும் புற்றாகவே மாறியது.

7/ 1997 ஏப்ரலில் பிஎம்ஜே இதழ் இதை வெளியே கொண்டு வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லை. "வாய்மொழியா சொன்னோம், அந்தக் காலத்துல அதுக்கு விதி இல்ல" என்பதுதான் அதிகாரிகள் தரப்புப் பதில். அடுத்த மாசமே, அதாவது 1997 மே மாதம், டஸ்கீகிக்காக அதிபர் கிளிண்டன் மன்னிப்பு கேட்டார்.

8/ விதி இல்லையா? 1964-லேயே ஹெல்சிங்கி பிரகடனம் வந்துவிட்டது. ஐசிஎம்ஆரே மனிதர் மீதான ஆய்வுகளுக்கு அறக் கொள்கை வெளியிட்டது 1980-ல். அதுக்கப்புறமும் எட்டு வருஷம் அந்த ஆய்வு நடந்திருக்கு! காகிதத்துல விதி இருக்கிறது வேற, கையில குறிப்பேடு வச்சிருக்கிற டாக்டர் மண்டையில இருக்கிறது வேற. பயிற்சி எதுக்குன்னா இதுக்குத்தான்.

9/ 2000-ல் ஐசிஎம்ஆர் விரிவான வழிகாட்டு நெறிகளைக் கொண்டு வந்தது. 2006, 2017-ல் திருத்தியது. சரி, படிவம் வந்தாச்சு. பிரச்சினை தீர்ந்துதா?

10/ 2009. ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வதோதரா. 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி செயல்விளக்கத் திட்டம். இந்த முறை படிவம் இருந்தது. ஆந்திராவில் 9,543 படிவங்களைப் பார்த்ததில் 1,948-ல் கைநாட்டு, 2,763-ல் கையெழுத்து போட்டது விடுதி வார்டன். பெத்தவங்களுக்கே தெரியாம பிள்ளைக்கு ஊசி. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

11/ ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். எச்பிவி தடுப்பூசி நல்ல தடுப்பூசி. மேலே சொன்ன அதே கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கிறது. அந்தத் திட்டக் காலத்தில் நடந்த 7 சிறுமிகளின் மரணத்துக்கு ஊசி காரணமா இருக்க வாய்ப்பில்லைன்னுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனா கேட்காமப் போட்டதால ஊசி மேலேயே சந்தேகம் விழுந்துச்சு. அந்தச் சந்தேகத்துக்கு நாங்க இன்னைக்கும் ஓ.பி.யில பதில் சொல்லிட்டிருக்கோம்.

12/ 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, அறக்குழுவில் குறைந்தது 7 பேர் இருக்கணும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவமே தெரியாத ஒரு சாதாரண குடிமகனும் கட்டாயம். ஏன் அந்தச் சாதாரண ஆள்? "இது எங்க அம்மாவுக்குப் புரியாதே சார்"ன்னு சொல்ல ஒருத்தர் வேணும்.

13/ இனி உங்க பங்கு. ஆஸ்பத்திரியில ஒரு படிவம் நீட்டினா முதல் கேள்வி: "இது என் சிகிச்சைக்கா, ஆய்வுக்கா?" ரெண்டும் வேற வேற.

ஆய்வுக்குன்னா:
- தமிழ்ல கேளுங்க. ஒரு நகல் வாங்கிக்கோங்க.
- படிக்கத் தெரியாதவங்கன்னா, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்துல இருக்கணும்.
- "வேண்டாம்"னு சொல்லலாம். சேர்ந்த பிறகும் எப்ப வேணும்னாலும் விலகலாம். அதுக்காக உங்க வழக்கமான வைத்தியத்தை யாரும் நிறுத்த முடியாது.
- மருந்துப் பரிசோதனைன்னா, அதனால பாதிப்பு வந்தா யார் பொறுப்பு, இழப்பீடு என்னன்னு கேளுங்க.

14/ புரிஞ்சு, விரும்பினா தாராளமா சேருங்க. இன்னைக்கு நாம சாப்பிடற ஒவ்வொரு மாத்திரையும் யாரோ ஒருத்தர் ஆய்வுல சேர்ந்ததால வந்ததுதான்.

15/ பிஜி தம்பி தங்கைகளுக்கு: வீடியோவை சாதாரண வேகத்துலயே பாருங்க. படிவத்தை நீட்டுறப்ப பேனாவை முதல்ல கொடுக்காதீங்க. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசிட்டு, "நான் சொன்னதுல என்ன புரிஞ்சுது, நீங்க சொல்லுங்கம்மா"ன்னு கேளுங்க. அவங்க சொல்லி முடிச்ச பிறகு பேனாவைக் கொடுங்க.